நாலாம் எண்

முன்னிருக்கைப் பள்ளத்தில் தலையை நுழைத்து,
காலிரண்டையும் புதுவயல் ரோட்டு வெயிலில் விட்டு
மல்லாக்கப் படுத்திருக்கிறேன்.
வாயில் டார்ச்.
பதில் சொல்ல முடியாதென்று தெரிந்தும்
இரண்டு பேரும் என்னிடமே பேசுகிறார்கள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு எதுவும் இல்லை அமலி.
நாலு மட்டும்தான் ஓடுது.
வச்சாப் புயல், வைக்காட்டி ஒண்ணுமில்லை"
என்கிறார் உண்ணாமலை ஆச்சி.
"அந்தப் புயலும் சுடுது"
என்கிறார் வயிரவன் அண்ணன்,
தங்கையிடம் அல்ல,
என் செருப்பிடம்.

தேவகோட்டை கோர்ட்டில் அவர் வாதி, இவர் பிரதிவாதி.
வாய்தாவுக்கு வாய்தா ஒரே காரில்தான் போய் வருகிறார்கள்.
டீசல் விற்கிற விலைக்குப்
பகையை இரண்டு வண்டியில் ஏற்றிக் கட்டுப்படியாகாது.
நாலில் வைத்துவிட்டால்
உள்ளே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது.
ஒன்பது மாதம் அப்படியே ஓடியிருக்கிறது.
சித்திரை வந்து சேலை ஒட்டியபிறகுதான்
பட்டறை ஞாபகம் வந்திருக்கிறது.

சூடு சின்ன விஷயம்.
குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்ப
இந்தச் சீமையில் எவனுக்கும் காரணம் கிடையாது.
எவனோ திருப்பியிருக்கிறான்.
கிளிப்பை விட்டுக் கேபிள் நழுவி
உள்ளே தகடு பாதி திறந்தபடி நின்றுவிட்டது.
இழுத்து மாட்டினேன். முடிந்தது.

ஃபேன் அப்படியில்லை.
மூன்று ஸ்குரூ. மூன்றாவது துரு.
எண்ணெய் விட்டு, கெஞ்சி, வைது, கழற்றினால்
மோட்டாரோடு என் முகத்தில் விழுகிறது
ஓர் எலிக்கூடு.

தேங்காய்நார், சீட்டுப் பஞ்சு, சீடைத் தூள்,
அப்புறம் காகிதம், நிறையக் காகிதம்.
பெட்டியில் வைத்திருந்த வழக்குக் கட்டின் ஜெராக்ஸ்.
நகத்தளவு துண்டு ஒன்றில் "கிழமேல் அடி",
இன்னொன்றில் "மேற்படியாருக்கு",
கண்ணிமையில் ஒட்டியதில் "சர்வ சுதந்".
தீர்ப்புக்குக் காத்திராமல்
எலி தன் பங்கைப் பிரித்து எடுத்துக்கொண்டு
குடியும் போய்விட்டது.

பின்னால் தடைக்கம்பி, கருகிப்போய்.
வேகத்தைக் குறை என்றால்
மிச்சத்தைத் தான் வாங்கிக் காய்கிற சாமான் அது.
அதனால்தான் காற்றுப் போகிற வழியிலேயே வைக்கிறார்கள்,
காற்றே அதை ஆற்றிவிடும் என்று.
வழியை அடைத்தால் அது எரியும்.
நாலுக்கு மட்டும் அது தேவையில்லை,
நாலு நேராகப் பேட்டரியிடம் பேசும்.
இதையெல்லாம் விளக்கமாகத்தான் சொன்னேன்.
டார்ச் இருந்ததால்
"ம்ம், ம்ம்ம்" என்றுதான் வெளியே வந்தது.

கழனிவாசல் கடையிலிருந்து
புதுசு டவுன் பஸ்ஸில் வந்து சேர மணி நாலு.
உருகிய சாக்கெட்டை வெட்டி, ஈயம் வைத்து, மாட்டி,
ஒன்றில் வைத்தேன்.

"ஓடுதா?" என்றார் அண்ணன்.
"ஓடுது."
சொன்னது நானில்லை.

பிறகு கொஞ்ச நேரம்
லேத்துப் பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது.

எண்ணூற்று ஐம்பது என்றேன்.
ஆளுக்கு நானூற்று இருபத்தைந்து.
எழுநூறோ எண்ணூறோ சொல்லித் தொலைத்திருக்கலாம்.
ஐந்து ரூபாய்ச் சில்லறைக்கு
ஆச்சி பையைக் கவிழ்க்க, அண்ணன் சட்டையைத் தட்ட,
என் பெஞ்சில் கால் மணி நேரம்.
ஒருவர் கடனில் ஒருவர் கிடக்க மாட்டார்களாம்.

கண்ணாடி ஏறியது.
வண்டி ரோட்டில் ஏறக் காத்திருந்தபோது
உள்ளே ஒரு வாய் அசைந்தது,
அப்புறம் இன்னொரு வாய்.
சத்தம் வெளியே வரவில்லை.
சாக்கோட்டைப் பஸ் கடந்து போவதற்குள்
ஒரு கை குமிழுக்குப் போனதைப் பார்த்தேன்.
ஏற்றியதா இறக்கியதா,
யார் கை,
புழுதியில் தெரியவில்லை.